பன்னிரண்டு நிமிட வெளிச்சம்

பியாட்ரிஸுக்கு மூக்கு நுனியில் கோபம் என்று பெங்களூரு பிரேசர் டவுனில் அவள் தெருவுக்கே தெரியும். நியாயமில்லாமல் அவள் கோபப்பட்டதில்லை என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

பதினோரு வருடம் ஒரு நர்சிங் ஹோமில், எக்ஸ்ரே இருட்டறையில் பிலிம் கழுவினாள். கம்ப்யூட்டர் வந்து பிலிமை ஒழித்த பிறகு, எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சின்னக் கம்பெனியின் ஆய்வகத்தில் கான்ட்ராக்ட் வேலை. நீல ஒளி பட்டால் இறுகிவிடும் பிசினை மஞ்சள் விளக்கின் கீழ் கலந்து, சிறு கண்ணாடிப் பெட்டிகளில் நிரப்ப வேண்டும்.

முடி அளவுக் கண்ணாடி இழையின் முனையிலிருந்து நீல ஒளியை அந்தப் பிசினுக்குள் விடுவார்கள். பட்ட இடம் இறுகும். இறுகிய இடம் ஒளியை அகல விடாமல் தனக்குள் பிடித்துக்கொள்ள, ஒளி முன்னேறி அடுத்த இடத்தை இறுக்கும். காலி மனையில் நாலு பேர் நடந்து தடம் விழுந்தால் மற்றவர்களும் அதிலேயே நடப்பார்களே, அப்படித்தான். யாரும் கோடு கிழிக்காமல் ஒளி தன் வழியைத் தானே போட்டுக்கொள்ளும். ஆனால் ஒளி மெலிதாக இருக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடம் பொறுக்க வேண்டும்.

டீம் லீடர் சுனிலுக்கு அந்தப் பொறுமைதான் இல்லை. வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர்கள் பார்க்க வந்தபோது, ஒரே நிமிடத்தில் முடித்துக் காட்ட, ஒளியைக் கூட்டும் டயலைப் பத்து மடங்கு திருப்பினான். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். இவன் பதறினான், ஒளி விளக்குமாறு மாதிரிச் சிதறியது. உடனே அத்தனை பேர் முன்னாலும், பியாட்ரிஸ் பிசினைத் தப்பாகக் கலந்துவிட்டாள் என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

திங்களன்று ஹெச்.ஆர். ரக்ஷிதா சுனிலோடு ஆய்வகத்துக்கு வந்து ஒரு கடிதத்தை நீட்டினாள். பிழை தன்னுடையது என்று பியாட்ரிஸ் கையெழுத்திட வேண்டும். போட்டால் மாதக் கடைசியோடு வேலை போகும். வேறு எந்த ஆய்வகமும் எடுக்காது. பியாட்ரிஸ் கடிதத்தை வாங்கி, கையெழுத்துப் போடாமல் மேஜையில் வைத்தாள்.

ஒவ்வொரு கலவையிலும் ஒரு பெட்டியைக் கறுப்புத் தாளில் சுற்றி, தேதி போட்டு எடுத்து வைப்பது அவள் வழக்கம். பிலிம் சரியில்லை என்று டாக்டர்கள் பழி போட்ட காலத்தில் கற்றது. வெள்ளிக்கிழமைப் பெட்டியை எடுத்து வந்து இழை முனைக்கு நேராகப் பொருத்தி, ஒளியை மெலிதாக வைத்தாள். இருவரையும் உட்காரச் சொன்னாள்.

“பன்னெண்டு நிமிஷம் சார். டயலை யாரும் தொடக் கூடாது.”

சுனில் மூன்று முறை போனைப் பார்த்தான். நாலாம் முறை அவன் கை டயல் பக்கம் போனது. பியாட்ரிஸ் தட்டிவிட்டாள்.

பன்னிரண்டாம் நிமிடம், நூல் பிடித்த மாதிரி ஒரே கோடாக ஒளி மறுபக்கக் கண்ணாடியைத் தொட்டது.

“சரி விடுங்க பியாட்ரிஸ். அந்த லெட்டரைக் கிழிச்சுப் போட்டுடலாம்,” என்றான் சுனில்.

கிழித்தால் ஆயிற்றா? வெள்ளிக்கிழமை கேட்ட காதுகளை யார் கழுவுவது? கடிதத்தின் பின்பக்கத்தைத் திருப்பி வைத்து, மேலே பேனாவை வைத்தாள்.

“எல்லார் முன்னாடியும்தானே என் பேரைச் சொன்னீங்க? அன்னிக்குப் பவர் எவ்ளோ வச்சீங்கன்னு இதுலயே எழுதிக் கையெழுத்துப் போடுங்க.”

அவன் ரக்ஷிதாவைப் பார்த்தான். அவள் கண் இன்னும் அந்தக் கோட்டிலேயே இருந்தது. “எழுதுங்க சுனில்,” என்றாள்.

இரண்டு வரி கிறுக்கிவிட்டு எழுந்தான். பியாட்ரிஸ் நிதானமாகப் படித்தாள். தாளை மறுபடி அவன் முன்னால் வைத்தாள்.

“அவசரப்படாதீங்க சார். நம்பரை விட்டுட்டீங்க.”