அளவு படித்துச் சொன்னவள்

சத்தியமாக நடந்தது இது. கட்டிவிட்ட கதை என்றால் இரவில் நடந்ததாக அல்லவா சொல்லியிருப்பேன்? நடந்தது பட்டப்பகலில். ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டரை மணிக்கு மேல். நடந்தது என் தங்கைக்கு.

பல்கலைக்கழகத்தில் அவளை எல்லோரும் குருவி என்பார்கள். ஆள் அவ்வளவுதான் இருப்பாள். இயற்பியல், இரண்டாம் ஆண்டு.

அவளுடைய செய்முறைப் பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் வெர்னியர். நுண்ணளவு பார்க்கும் அளவுகோலின் பெயர் அது. அளவு ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்தால் ஆளை உரித்துவிடுவார். முந்தைய வாரம் வகுப்பே பார்த்திருக்க, குருவியின் நோட்டில் குறுக்கே கோடு இழுத்தார்.

"இது எடுத்த ரீடிங் இல்ல. வீட்டுல உக்காந்து எழுதின ரீடிங்."

"இல்ல சார், நான்தான்..."

"அடுத்த வாரமும் இப்படியே வந்தா பரீட்சைக்கு உள்ள விடமாட்டேன். வருசம் போயிடும், பாத்துக்க."

எங்கள் அப்பா பஸ் ஓட்டிப் படிக்க வைக்கிறார். குருவி பொய் எழுதுகிறவள் இல்லை. அன்று அவள் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் ஒன்று மட்டும் சொன்னாள்: "அக்கா, இந்த ஆளு ஒரு நாள் அனுபவிக்கணும்."

அந்தச் செவ்வாய் அவளுக்கு இருட்டறையில் வேலை. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி போட்ட அறை. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளிக்கு அலைநீளம் கண்டுபிடிக்க வேண்டும். ஒருவர் தொலைநோக்கியில் கண்ணை வைத்து மஞ்சள் கோட்டைப் பிடிப்பார். இன்னொருவர் அதன் அடியில் இருக்கும் வட்ட அளவுகோலில் டார்ச் அடித்து, கோணத்தை டிகிரியும் நிமிடமுமாகப் படித்துச் சொல்வார். குருவியின் ஜோடிக்கு அன்று காய்ச்சல். இவள் தனியாகத்தான் உட்கார்ந்தாள்.

2:35. விளக்கைப் போட்டாள். முதலில் இளஞ்சிவப்பாக எரிந்தது. மெல்ல மெல்ல மஞ்சளானது. தொலைநோக்கியைத் திருப்பித் திருப்பிக் கோட்டைப் பிடிக்கவே வெகுநேரம் ஆயிற்று. ஒருவழியாகப் பிடித்தாள்.

"நீ பாரு. நான் படிக்கிறேன்."

பக்கத்தில் ஒரு பெண் குரல். அடுத்த மேசை அக்கா போலிருக்கிறது என்று நினைத்தாள். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

"இருநூறு டிகிரி... இருபத்திரண்டு."

எழுதிக்கொண்டாள். தொலைநோக்கியை மறுபக்கம் திருப்பினாள்.

"நூத்தி அம்பத்தொம்பது... முப்பத்தெட்டு."

கணக்குப் போட்டாள். அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம். புத்தகத்தில் இருக்கும் அதே எண்.

நன்றி சொல்லத் திரும்பியவள்... நின்றுவிட்டாள்.

டார்ச் அவள் பைக்குள்தான் இருந்தது. எடுக்கவே இல்லை. பக்கத்திலும் டார்ச் வெளிச்சம் எதுவும் இல்லை. அப்படியானால் இந்த இருட்டில் அந்த அக்கா எப்படிப் படித்தாள்?

அளவுகோலின் மேல் ஒரு கை இருந்தது. மெலிந்த கை. நகங்களில் சிவப்புச் சாயம்.

சிவப்பு...

சோடியம் வெளிச்சத்தில் சிவப்பு தெரியாது. உதடு, ரத்தம், எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். குருவி தன் கையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள். கறுப்பு.

அந்த நகங்கள் மட்டும் சிவப்பு.

நோட்டை வாரிக்கொண்டு ஓடினாள். மணி 3:20. வெளியே அடுத்த மேசைப் பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு அளவு படிச்சது உங்கள்ல யாரு?"

"நாங்க ரெண்டரைக்கே வெளிய வந்துட்டோமேடி."

அதற்குள் வெர்னியர் அந்தப் பக்கம் வந்துவிட்டார். நோட்டை வாங்கிப் பார்த்தார். முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு கோபம்.

"யாரோட நோட்டப் பாத்து எழுதின?"

"யாரோடதும் இல்ல சார். ஒருத்தங்க படிச்சாங்க, நான் எழுதினேன்."

"அப்படியா? வா. என் முன்னாடி எடு."

மறுபடி அந்த அறைக்குள் போக அவளுக்கு மனமில்லை. போகாவிட்டால் வருடம் போய்விடும். போனாள். ஆய்வக உதவியாளரும் கூடவே வந்து வாசலில் நின்றார்.

"நகரு. கோட்ட நான் பாக்கறேன். நீ படி."

வெர்னியர் தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். 3:41. குருவி டார்ச்சை எடுத்தாள். வாயைத் திறக்கும் முன்பே...

"இருநூறு டிகிரி... இருபத்திரண்டு."

வெர்னியரின் முதுகு விறைத்தது.

"யாரு... யாரு அது?"

"நீ பாரு. நான் படிக்கிறேன்."

கதவு சாத்திக்கொண்டது. டப். உதவியாளர் வெளியிலிருந்து தட்டினார். திறக்கவில்லை.

வெர்னியர் தலையை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. பின்மண்டையில் ஏதோ அழுத்துவது போல. இரண்டு கைகளாலும் மேசையைத் தள்ளினார். நாற்காலி கிரீச்சிட்டது. முகம் நகரவில்லை.

"கண்ணு எரியுது... லைட்டப் போடும்மா! லைட்டு!"

"நூத்தி அம்பத்தொம்பது... முப்பத்தெட்டு."

"நான் சொன்னது பொய்தான்! விட்டுடு!"

"இன்னும் நல்லாப் பாரு."

அறை விளக்கின் சுவிட்ச் குருவிக்குக் கைக்கெட்டும் தூரம்.

விரல் அதன் மேல்தான் இருந்தது.

3:44...

3:46...

வெர்னியர் அலறினார்.

3:49.

டக்.

வெளிச்சம் வந்தது. கதவு தானாகத் திறந்தது. வெர்னியர் சரிந்து தரையில் விழுந்தார்.

பயத்தில் கை ஓடவில்லை என்றுதான் குருவி எல்லோரிடமும் சொன்னாள். என்னிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். கை ஓடியிருக்கும். அவள்தான் விடவில்லை. இன்னும் கொஞ்சம் அனுபவிக்கட்டும் என்று நின்றாளாம்.

கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். ஆனால் வெர்னியருக்கு ஒரு மஞ்சள் கோட்டைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. கண்ணை மூடினாலும் அதேதானாம். வேலையை விட்டுவிட்டார். வேறொரு பேராசிரியர் வந்தார். குருவி பரீட்சை எழுதித் தேறினாள்.

தேர்வு முடிவு வந்த அன்று, ஆய்வக உதவியாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டாராம். அங்கே முப்பது வருடமாக இருப்பவர்.

"வெர்னியர் சாரும் இங்கதாம்மா படிச்சாரு. அவருக்கு ஜோடியா ஒரு பொண்ணு. கெட்டிக்காரி. கடைசிப் பரீட்சையில ரெண்டு பேர் தாள்லயும் ஒரே ரீடிங். அன்னிக்கு உள்ள கேட்டுச்சே, அதே நம்பர். அவதான் என்னப் பாத்து எழுதிட்டான்னு இவரு சொல்லிட்டாரு. அவளப் பரீட்சையிலேருந்தே தள்ளிட்டாங்க."

"அவங்க ஒண்ணும் சொல்லலயா அண்ணே?"

"கெஞ்சினா. ஒரே ஒரு தடவ அவன என்கூட இருட்டறைக்கு வரச் சொல்லுங்க சார், அவன் பாக்கட்டும், நான் படிக்கிறேன், யாரு எடுத்ததுன்னு தெரிஞ்சிடும்னு. இவரு வரமாட்டேன்னுட்டாரு."

அவர் இருட்டறைப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"மறுநாள் காலையில இருட்டறையத் திறந்தது நான்தான். சோடியம் விளக்கு எரிஞ்சிட்டே இருந்துச்சு. மேசை முன்னாடி ரெண்டு ஸ்டூல் போட்டிருந்துச்சும்மா. ஒண்ணுல அவ... உசுரில்லாம. இன்னொண்ணு காலி."