சாவி வைத்திருந்தவள்

என் மகளுக்குக் காக்கா வலிப்பு இருந்தது. எடுத்த எடுப்பிலேயே இப்படியா சொல்வது என்று கேட்கிறாள், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கும் என் பேத்தி. சொன்னால் என்ன? அவளைப் பெற்றவளின் கதைதானே, அவளே எழுதட்டும். எனக்குக் கையெழுத்துப் போடக்கூட வராது. வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அப்போது செட்டிகுளம் பக்கம் இருந்தோம். சின்ன வெங்காயக் காடு. வெங்காயம் என்றால் அந்த மண்ணில் விளைந்ததுதான். இங்கே உரித்தால் அடுத்த வீட்டுக்காரிக்குக் கண்ணீர் வரும். அது கிடக்கட்டும். மகள் ஆறாம் வகுப்பு. பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையைச் சாயங்காலம் பால் கறந்த கையோடு தவறாமல் கொடுத்துவிடுவேன். அடிக்கடி வந்துகொண்டிருந்த வலிப்பு எப்போதாவது என்று குறைந்துவிட்டது. ஓடலாம், ஆடலாம், கிணற்றுப் பக்கமும் அடுப்புப் பக்கமும் மட்டும் தனியாக விடாதே என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

பள்ளிக்கூடத்தில்தான் ஆட விடவில்லை. தலைமையாசிரியரை நாங்கள் பெரிய சார் என்போம். நல்ல மனுஷர், ஆனால் பயந்தவர். காலையில் பிரேயரில் நின்றவள் ஒருமுறை விழுந்துவிட்டாள், அதிலிருந்து அவருக்கு உதறல். எங்கள் பக்கம் வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுப்பார்கள். சாவிக்கொத்து, அரிவாள், எது கிடைக்கிறதோ அது. என் மாமியார் ஒருமுறை தோசைத் திருப்பியைக் கொண்டுவந்தார், மாவோடு. பெரிய சார் ஒரு படி மேலே போய், வலிப்பு வராமல் இருக்கவே இரும்பைக் கொடுத்துவிட்டார். விளையாட்டுச் சாமான் அறையின் சாவி, என் உள்ளங்கை நீளம் இருக்கும். டிரில் வகுப்பு வந்தால் மற்ற பிள்ளைகள் இவளிடம் சாவி வாங்கி அறையைத் திறந்து, சாமானை எடுத்துக்கொண்டு, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆடப் போவார்கள். இவள் சாவியைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

ஒருநாள் காட்டில் வெங்காயத் தாள் அறுத்துக்கொண்டிருந்தேன். பெரிய சார் உடனே வரச் சொன்னார் என்று ஒரு பிள்ளை ஓடிவந்தது. இவளைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்போகிறார்கள் என்றே நினைத்தேன். கை காலைக்கூடக் கழுவாமல் போனேன்.

போனால், மைதானத்தில் பிள்ளைகள் சும்மா நிற்கிறார்கள். பையன்களின் பந்தும் பெண் பிள்ளைகளின் கோ-கோ கம்பும் பூட்டிய அறைக்குள். என் மகள் சாவியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்கிறாள். என்னையும் ஆட்டத்தில் சேர்த்தால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டாளாம். டிரில் சார் கெஞ்சிப் பார்த்து ஓய்ந்துபோயிருந்தார்.

"ஏம்மா, நல்லதுக்குத்தானே குடுத்தோம்? ஆடுறப்ப விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?" என்றார் பெரிய சார் என்னிடம்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"உக்காந்திருந்தாலுந்தான் விழுவேன் சார். விழுந்தா என்ன செய்யணும்னு காட்டுறேன். அம்மா, கீழ படு."

படுத்தேன். பள்ளிக்கூடமே பார்க்க, தலையெல்லாம் வெங்காயச் சருகோடு. ஆஸ்பத்திரியில் நர்சம்மா எங்களுக்குக் காட்டியதை அப்படியே செய்தாள். பக்கத்தில் கிடந்த கல்லை எடுத்துத் தூரப் போட்டாள், என்னை ஒருக்களித்துப் புரட்டினாள், தலைக்கடியில் புத்தகப் பையை வைத்தாள்.

"கையக் கால அமுக்கக் கூடாது. வாயில எதையும் வைக்கக் கூடாது. தானா நின்னுரும். முழிக்கிற வரைக்கும் பக்கத்துல இருந்தா போதும்."

"அப்ப சாவி?" என்றான் ஒரு பையன்.

"அது பூட்டுக்குடா."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வலிப்பு வந்தவள் சிரிக்கக் கூடாது என்று அதட்டல் வேறு. பெரிய சாரும் சிரித்துவிட்டார். டாக்டர் நிஜமாகவே ஆடச் சொன்னாரா என்று கேட்டார். நிஜந்தான், நீங்களும் ஒரு நடை வந்து கேளுங்கள் என்றேன். அவர் டிரில் சாரைப் பார்த்து, இவளையும் சேர்த்துக்கொள்ளும்படி சொன்னார். அதற்கப்புறம்தான் சாவி கை மாறியது.

என்ன ஓட்டம் ஓடுவாள் தெரியுமா. வெயிலில் கறுத்து, முழங்காலெல்லாம் சிராய்ப்போடு வருவாள். அந்தச் சிராய்ப்பைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

பிறகு ஒருமுறை ஆட்டத்தின் நடுவிலேயே வலிப்பு வந்தது. நான் அங்கே இல்லை, அவளுடைய கூட்டாளிப் பிள்ளை வந்து சொன்னாள். பிள்ளைகளே புரட்டிப் படுக்கவைத்து, தலைக்குப் பையை வைத்துச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்களாம். பழக்கதோஷத்தில் ஒருவன் சாவியோடு ஓடிவர, அவனைத் துரத்திவிட்டார்களாம். தெளிந்து கண்ணைத் திறந்தவள் முதலில் கேட்டது, "நான் அவுட்டா?"

"இல்லடி. ஆட்டத்த நிறுத்தி வச்சிருக்கோம்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினாள். மறுநாள், அவள் விழுந்த அதே இடத்தில் அவளை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்தே ஆட்டத்தைத் தொடங்கினார்கள்.