பணியாரம் வராத படம்

என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, கடலூர் செம்மண்டலத்து வீட்டில் அவர்கள் தொண்டையில் சோறு இறங்க வேண்டுமானால் நான் ஒரு சினிமாக் கதையைச் சொல்லியாக வேண்டும். எப்போதும் ஒரே படம்தான், நெல்லிக்குப்பத்தில் நான் சிறுமியாக இருந்தபோது நாலு தடவை பார்த்தது. திருவிழாக் கூட்டத்தில் அம்மாவைத் தொலைத்துவிட்டு ஓர் அக்காவும் தம்பியும் ஆட்டுக்குட்டி ஒன்றோடு ஊர் ஊராக அலைவார்கள். தர்மாஸ்பத்திரியில் காய்ச்சலோடு கிடக்கும் அம்மாவைக் கடைசியில் கண்டுபிடிப்பார்கள். அவள் பிழைத்தெழுந்து, பச்சைப் புடவை கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து பணியாரம் சுடுவாள். மூன்று பேரும் சுடச்சுடத் தின்பார்கள். கதையில் பணியாரம் வரும்போது இங்கே தட்டும் காலியாகியிருக்கும்.

அறுபதுகளின் நடுவில் ஒருநாள், அந்தப் பழைய படத்தைச் சிதம்பரத்தில் மறுபடி போட்டிருக்கிறார்கள் என்று என் கணவர் ஆபீசிலிருந்து சேதி கொண்டுவந்தார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தால் நன்றாக இருக்காது என்று அவர் கூடவே ஒரு வார்த்தை சொன்னார். அதற்காக அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன்.

ஏழு வயது மகன் உடனே சட்டையை மாட்டிக்கொண்டான். பத்து வயது மகள்தான் அசையவில்லை. அதற்குக் காரணம் உண்டு. அந்த வருஷம் தொடக்கத்தில் ஏதோ ஒரு படத்தில் தாய்க்காரி தீயில் செத்துப்போக, இவள் மூன்று நாள் என் முந்தானையை விடாமல் அழுதாள். பள்ளிக்கூடத்துக்குக்கூடப் போகவில்லை. இனிமேல் சினிமாவே வேண்டாம் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"அந்தம்மா நெஜமாவே பொழச்சிக்குமா?" என்று கேட்டாள்.

"நான் கண்ணால பாத்தவடி" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது. அவள் தலைமேல் கை வைத்துச் சத்தியமும் செய்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் பிள்ளைகளும் மட்டும் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறி, சிதம்பரத்தில் மேட்னிக்குப் போய் உட்கார்ந்தோம். படம் தொடங்கியதும் நான் மறுபடி எட்டு வயதுக்காரி ஆகிவிட்டேன். ஆட்டுக்குட்டி வருவதற்கு முன்பே "இப்ப வரும் பார்" என்றேன். வசனங்களை முன்கூட்டியே சொன்னேன். முன் வரிசைக்காரர் இரண்டு தடவை திரும்பி முறைத்தார். பண்ணையாரின் தலைப்பாகையை ஆடு மெல்லும் இடத்தில் மகன் சிரித்த சிரிப்பில் அவனுக்குப் புரையேறிவிட்டது. மகளும் சிரித்தாள். எனக்கு ஏதோ நானே அந்தப் படத்தை எடுத்த மாதிரி பெருமை.

இடைவேளைக்குப் பிறகு மகன் என் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனான். படத்தில் ஆஸ்பத்திரி வந்தது. பிள்ளைகள் வெளியே காத்திருக்க, டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். அந்த நிமிஷம் ஒரு காரியம் நடந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். மகனை ஒரு தோளில் சாய்த்து, மகளின் மணிக்கட்டைப் பிடித்துக் கிளம்பவே பார்த்தேன். படம் மறைகிறது, உட்காரும்மா என்று பின்னாலிருந்து சத்தம் போட்டார்கள். எதற்கு எழுந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இந்த இடத்தைத் தாண்டி நான் படத்தைப் பார்த்ததே இல்லை.

என் அப்பா சர்க்கரை ஆலையில் வேலை செய்தார். சினிமா பிள்ளைகளைக் கெடுத்துவிடும் என்பது அவர் கட்சி. அதனால் அம்மா எங்களைச் சனிக்கிழமை மத்தியானத்தில் தகரக் கொட்டகைக்குக் கூட்டிப்போவாள். ஐந்து மணிக்கு ஆலைச் சங்கு ஊதும். அப்பா வருவதற்குள் அடுப்பில் காப்பி இருக்க வேண்டும் என்று எங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பக்கத்து வீட்டுப் பெண்களோடு படத்தை முன்பே முழுசாகப் பார்த்திருந்தவள் அவள். மீதிக் கதையை நடந்துகொண்டே சொல்லுவாள். அவள் சொன்னதைத்தான் நான் இத்தனை வருஷமாகப் பார்த்ததாக நினைத்திருக்கிறேன்.

திரையில் அந்தத் தாய் பிழைக்கவில்லை. பச்சைப் புடவையும் வரவில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எப்படித் தெரிந்திருக்கும் என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை. பக்கத்தில் மகள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள்.

தூங்கும் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது, அவள் எனக்கு மூன்றடி முன்னாலேயே போனாள். ரயிலில் எதிர்ப்பலகையில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். பரங்கிப்பேட்டை தாண்டிய பிறகு வாயைத் திறந்தாள்.

"பொய்ச் சத்தியம் பண்ணிட்ட. எந்தலை வெடிச்சிடுமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், சங்கு, காப்பி, நடந்துகொண்டே கேட்ட கதை எல்லாம். சொல்லச் சொல்லத்தான் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அந்த நாலு தடவையில் ஒரு தடவை அப்பா ஊரிலேயே இல்லை, ஒரு கல்யாணத்துக்காகத் திருச்சிக்குப் போயிருந்தார். அன்றைக்கும் டாக்டர் கதவைத் திறந்ததும் அம்மா எங்களைக் கிளப்பிவிட்டாள். சங்கு ஊதியதா என்றுகூட நினைவில்லை. காப்பி குடிக்க வீட்டில் ஆளில்லை.

அம்மா போய் அப்போது ஆறு வருஷம் ஆகியிருந்தது. இருந்திருந்தால் அன்றே நெல்லிக்குப்பத்துக்குப் போய் ஒரு சண்டை போட்டிருப்பேன். அப்புறம் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன்.

மகள் தன் தலையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டாள்.

கடலூர் நெருங்கும்போது மகன் விழித்துக்கொண்டான். படம் முடிந்துபோனதில் அவனுக்கு மகா கோபம். கடைசியில் அந்த அம்மா என்ன ஆனாள் என்று கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"பொழச்சிக்கிட்டாங்கடா. வீட்டுக்கு வந்து பணியாரம் சுட்டாங்க. ஆட்டுக்குட்டிக்குத் தனியா ஒரு தட்டு" என்றாள்.

ஆட்டுக்குத் தட்டு வைத்தது என் அம்மாகூடச் சொல்லாதது. மகனுக்கு அதுதான் ரொம்பப் பிடித்துவிட்டது. ஆடு எத்தனை தின்றது, சூடாக இருந்ததா, ஊதிக் கொடுத்தார்களா என்று கேட்டபடியே வந்தான். அவளும் சளைக்காமல் பதில் சொன்னாள். திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி ஸ்டேஷனைவிட்டு வெளியே வரும்போது, ஆடு பணியாரம் தின்பதைத் தான் பார்த்தே ஆக வேண்டும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகலாம் என்றான்.

"வேணாம்" என்று நானும் மகளும் ஒரே மூச்சில் சொன்னோம். பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.