அண்ணி கொடுத்த இத்தாலியச் சாசேஜ்

மலேசியாவில், ஈப்போ டவுனில் அப்போது உறைந்த இறைச்சி விற்கும் கடை ஒன்று இருந்தது. ஈயச் சுரங்கங்களில் மிச்சமிருந்த வெள்ளைக்காரர்களுக்காக நடந்த கடை. என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், கறி மீன் எல்லாம் அங்கேதான் வாங்குவார். மார்க்கெட்டில் கோழியைக் கண்முன்னே அறுத்துத் தருவார்கள். அது அவருக்கு நாற்றம். எந்த நாட்டில் எப்போது செத்தது என்று தெரியாமல் கல்லாகக் கிடக்கும் கோழிதான் சுத்தம்.

அண்ணி தன் கணவரோடு சில வருடங்கள் ஆஸ்திரேலியாவில் இருந்துவிட்டு வந்தவர். வரும்போது ஆள் படுக்கிற அளவுக்கு ஒரு ஃப்ரீசரையும், நாங்கள் எல்லாம் தப்பாகச் சாப்பிடுகிறோம் என்கிற எண்ணத்தையும் கொண்டுவந்தார். ஃப்ரீசரை மட்டும் அவ்வப்போது அணைத்து வைப்பார்.

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது நிறையவில்லை. எதையும் சாப்பிட மாட்டாள். கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது நர்ஸம்மா, அவளைத் தராசில் உட்காரவைத்து, எடை அட்டையில் புள்ளி வைத்து, என்னை ஒரு பார்வை பார்ப்பார். ஆறாம் படிவம், பள்ளியின் கடைசி வகுப்பு வரை படித்தவள் நான். அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியாமல் இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம், கஞ்சி நீர்த்துவிட்டதோ, பால் கெட்டியோ, காலையில் குளிப்பாட்டியது தப்போ என்று எண்ணிக்கொண்டே வருவேன்.

அந்த அட்டையை ஒருநாள் அண்ணி பார்த்துவிட்டார்.

"என்னா இது, பிள்ளையா குச்சியா? என்கிட்ட விடு. ஆறே மாசத்துல உருட்டி வச்சிடுறேன்."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என் கணவரும் சிரிக்கவில்லை என்பதைப் பிறகுதான் கவனித்தேன். கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவர்களுடைய அம்மா போனபின் தம்பியை வளர்த்து, படிக்கவைத்து, டவுனில் வேலைக்கு அனுப்பியவர் அண்ணி. அவர் சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. நானும் அந்த வீட்டுக்கு வந்தவள்தான்.

"சரி, அடுத்த தடவை கிளினிக் போறவரைக்கும் பாப்போம்" என்று பெரிய மனதோடு தவணை கொடுத்தார். "எடை ஏறலன்னா நான் தூக்கிட்டுப் போயிடுவேன். தம்பி, என்னா சொல்றே?"

"நீ சொன்னா சரிதான்க்கா" என்றார் தம்பி.

தவணையோடு மருந்தும் வந்தது. உறைந்த பொட்டலங்கள், உள்ளே இளஞ்சிவப்பில் கூழ் போன்ற இறைச்சி. இத்தாலியச் சாசேஜ் என்றார். பன்றிக்கறியை அரைத்தது, தோல் இல்லாமல் வருவது. கூடவே ஆஸ்திரேலியப் பெண்கள் பத்திரிகை ஒன்றிலிருந்து வெட்டிய பக்கம். அந்த இறைச்சியை வைத்து, நேரமில்லாத தாய்மார்கள் வீட்டில் என்னென்ன சமைக்கலாம் என்று யோசனைகள். குடைமிளகாய்க்குள் அடைத்து ஓவனில் வைக்கலாம். மாவைத் தட்டி, மேலே தூவி, சீஸ் போட்டு ஓவனில் வைக்கலாம். மக்கரோனியோடு கலந்து ஓவனில் வைக்கலாம். என்னிடம் இருந்தது இரண்டு பர்னர் கேஸ் அடுப்பு. அதிலும் ஒன்று மழை பெய்தால் எரியாது. அந்தத் தாய்மார்களுக்கு நேரம்தான் இல்லை, மற்றதெல்லாம் இருந்தது.

கறி வீட்டுக்குள் வந்தால் மஞ்சளும் உப்பும் போட்டு, தண்ணீர் தெளியும்வரை கழுவுவது எங்கள் வழக்கம். ஆடு, கோழி, தோட்டத்தில் வேட்டைக்காரர்கள் பங்கு போடும் காட்டுப்பன்றி, எதுவானாலும் அப்படித்தான். கழுவாத கறியைச் சட்டியில் போடுகிறவளை எங்கள் பக்கம் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள். அதனால் அந்தக் கூழையும் வடிகட்டியில் கொட்டி, மஞ்சள் போட்டுக் கழுவினேன். சிவப்பாகத் தண்ணீர் போயிற்று, பிறகு ஆரஞ்சாக, பிறகு கொழுப்பு மிதந்தது. நடுவில் உமி மாதிரி ஏதேதோ மிதந்தது. வெள்ளைக்காரன் தொழிற்சாலையின் லட்சணம் இதுதான் என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தேன். கடைசியில் நனைந்த அட்டைப்பெட்டி நிறத்தில் ஒரு பிடி தேறியது. இஞ்சி, பூண்டு, சோம்பு அரைத்துப் போட்டு வதக்கி, சோற்றோடு பிசைந்து மகளுக்கு ஊட்டினேன். ஒரு வாய் வாங்கினாள். அதை அப்படியே முழுசாக என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி விசாரணைக்கு வந்தார்.

"எப்படி செஞ்சே?"

"நல்லா கழுவிட்டு, அண்ணி..."

"கழுவினியா? சாசேஜயா கழுவினே?" அண்ணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, இங்க வா லா, உன் பொண்டாட்டி சாசேஜுக்கு மஞ்சத்தண்ணி ஊத்திருக்கா! அதுல மசாலா எல்லாம் போட்டேதான் வரும்டி. சோம்பு கூட இருக்கு!"

நான் உமி என்று பொறுக்கிப் போட்டது அதுதான். இத்தாலிக்காரன் சோம்பு போடுவான் என்று அந்தப் பத்திரிகைப் பக்கத்தில் ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? அவர் சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். தோட்டத்தில் யார் வீட்டிலாவது பன்றிக்கறி கொதித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனவராம் இந்த அண்ணி. என் கணவரே சொல்லியிருக்கிறார். அதே பன்றியை ஆஸ்திரேலியாக்காரி முள்கரண்டியில் குத்திச் சாப்பிட்டதும் அது நாகரிகம் ஆகிவிட்டது.

"தள்ளு, நான் செஞ்சு காட்டுறேன்."

காட்டினார். பக்கத்து வீட்டு மக்சிக், மலாய்க்கார அம்மா, நோன்புப் பலகாரம் கொடுத்தனுப்பிய கிண்ணம் மேடையில் இருந்தது. அதை எடுத்து அந்தக் கறியைப் போடப் போனவரைத் தடுத்து வேறு கிண்ணம் கொடுத்தது மட்டும்தான் அன்று என் பங்கு. ஒரு மலாய் வீட்டுப் பாத்திரத்தில் எதைப் போடக் கூடாது என்பது ஆஸ்திரேலியாவில் மறந்துவிடும் போலிருக்கிறது. மக்கரோனி வெந்தது, இறைச்சி வதங்கியது, டின் தக்காளி விழுந்தது. என் மகளை மடியில் இறுக்கிப் பிடித்து, கன்னத்தை அழுத்தி, ஒரு கரண்டி உள்ளே தள்ளினார். அவள் அதை நிதானமாக அவருடைய வெளிர்நீலச் சேலையில் துப்பினாள்.

"கழுவின கறியத் தின்னு தின்னு பிள்ளைக்கு நாக்கே செத்துப்போச்சு" என்றார் அண்ணி, துடைத்துக்கொண்டே.

அதன் பிறகு நான் கழுவவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராகச் சட்டியில் போட்டேன். பொட்டுக்கடலை மாவு சேர்த்து உருட்டிப் பொரித்தேன். முட்டைக்கோஸோடு வதக்கினேன். தோசைமேல் தூவினேன். பத்திரிகைப் பெண்களுக்கு இந்த யோசனை ஒன்றும் தோன்றவில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. உருண்டை நன்றாகவே இருந்தது. என் மகள் அதைத் தரையில் உருட்டி விளையாடினாள். தோசையின் ஓரத்தைக் கிள்ளித் தின்றுவிட்டு நடுவை எனக்குக் கொடுத்தாள். மிச்சத்தை எல்லாம் சாப்பிட்டவர் அவள் அப்பா. எடை ஏறியதும் அவருக்குத்தான். காற்சட்டைக் கொக்கியை நான் தள்ளித் தைத்தேன்.

"அக்காவும் நீயும் சேந்து என்னைய தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிருவீங்க" என்றார் ஒருநாள், உருண்டையை மென்றுகொண்டே. பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் இவராம். வாயில் மென்றதை விழுங்கிவிட்டாவது சொல்லியிருக்கலாம்.

கிளினிக் நாள் வந்தது. புள்ளி போன தடவைக்குக் கொஞ்சம் மேலே விழுந்தது. ஏறியதா, அவள் தராசில் துள்ளியதாலா என்று எனக்குச் சந்தேகம். மிஸ்ஸியிடம் கேட்டேன். "சில பிள்ளைங்க அப்படித்தான்மா, மெதுவா ஏறும்" என்றார். முன்பே அதைச் சொல்லியிருந்தால் என்ன என்று அவர்மேலும் எரிச்சல் வந்தது.

அன்று மத்தியானமே அண்ணியின் கார் வாசலில் நின்றது. பின் சீட்டில் குழந்தை மெத்தை, புதிய போர்வை. அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"இதெல்லாம் ஏத்தமா? துணிமணி எடுத்து வை. தம்பி, பேசிட்டோம்ல?"

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்ச நாளைக்குத்தானே" என்றார் என்னிடம்.

நான் உள்ளே போய்ப் பையை எடுத்தேன். இரண்டு கவுன்களை மடித்தும் வைத்தேன். அண்ணி சொல்வது சரியாக இருந்தால்? பெரிய வீடு, ஓவன், ஃப்ரீசர். என் பிடிவாதத்தால் பிள்ளை இளைத்துப்போனால்? அறைக்கு வெளியே அண்ணி அவளைத் தூக்கி, "வா லா, இனிமே உன் அம்மா கழுவின கறி வேணாம்" என்று கொஞ்சுவது கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் மகள் முதுகை வளைத்துக் கீழே இறங்கத் திமிறினாள்.

பையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

"இளைச்சிருந்தாலும் இங்கயே இருக்கட்டும், அண்ணி."

"என்னா சொன்னே?"

"அவ எங்கயும் வர மாட்டா."

அண்ணி தம்பியைப் பார்த்தார். தம்பி சுவரைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த மிகப் பெரிய ஆதரவு அதுதான்.

"நாளைக்கு அழுதுகிட்டு என் வீட்டு வாசல்ல வந்து நிக்காதே" என்று சொல்லிவிட்டு அண்ணி காரில் ஏறினார். அந்த மெத்தை பின்கண்ணாடி வழியே தெரிந்துகொண்டே போயிற்று. லோரோங் சந்தின் முனையில் ஐஸ்காரன் குறுக்கே வந்ததால் கார் சற்று நின்றது. கூப்பிட்டால் கேட்கும் தூரம். பிள்ளையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு, கார் திரும்பி மறையும்வரை நின்றேன். கூப்பிடவில்லை.