குடைத்துணிக்குள் ஒரு கோடாலி

இருபத்து மூன்று வயதில் நான் தினமும் முதுகில் ஒரு கோடாலியோடு பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். இப்போது ஆபீஸில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அன்றைக்கு யாராவது சிரித்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

அது பெரிய மரம் வெட்டுகிற கோடாலி இல்லை. ஒரு பக்கம் கூர், மறுபக்கம் சுத்தியல், முழங்கை நீளத்துக்குக் காம்பு. மாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கட்டை அடிக்கிற வேலை எனக்கு. வெளிநாட்டுக்குப் போகிற மெஷின் கப்பலில் ஆடாமல் இருக்க, கன்டெய்னருக்குள் அதைச் சுற்றிக் கட்டை வைத்து, ஆப்பு செதுக்கி இறுக்குவோம். அவரவர் கோடாலியை அவரவரே கொண்டுவர வேண்டும். யார்டில் வைத்துவிட்டுப் போனால் காலையில் காம்புகூட மிஞ்சாது. கோடாலி இல்லாமல் போனால் மேஸ்திரி கேட் பக்கம் கையை நீட்டிவிடுவார்.

என் வீடு வியாசர்பாடி ஹவுசிங் போர்டில். சென்னையில் வேறு எந்த ஏரியாவிலிருந்து ஒருவன் கோடாலியோடு புறப்பட்டாலும் அவனைத் தச்சன் என்பார்கள். எங்கள் ஏரியா பெயரைச் சொன்னால், ரவுடியா என்பதுதான் அடுத்த கேள்வி. ஆகவே அந்தக் கோடாலியை எப்படிக் கொண்டுபோவது என்பதிலேயே என் மூளை பாதி செலவானது.

முதலில் செய்தித்தாளைச் சுற்றி, அதன்மேல் கோணியைச் சுற்றி, தங்கையின் பழைய ஸ்கூல் பையில் போட்டேன். மூன்றாம் நாள் பையின் அடியைக் கிழித்துக்கொண்டு கூர் எட்டிப் பார்த்தது. அடுத்து, லாரி டியூபில் ஒரு துண்டு வெட்டி உறை செய்தேன். வெயிலில் அந்த ரப்பர் விட்ட வாடையில் என் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே முடியவில்லை.

மூன்றாவது யோசனைதான் உருப்படியானது. அறுந்துபோன ரப்பர் செருப்பின் அடியை எடுத்து, விளிம்பில் பிளேடால் நீளமாகப் பிளந்தேன். அந்தப் பிளவுக்குள் கோடாலியின் கூர் கச்சிதமாக உட்கார்ந்தது. டியூப் பட்டையால் ஒரு கட்டு. பையின் வெளிப்பக்கம் பழைய பெல்ட்டில் இரண்டு வளையம் தைத்து, காம்பு கீழே தொங்க மாட்டினேன். குனிந்தாலும் ஓடினாலும் அசையாது. காசு கொடுத்து வாங்கினால்கூட இப்படி அமையாது என்று எனக்கு ஒரே கர்வம்.

அந்தக் கர்வம் ஒரு நாள்தான் தாங்கியது. எங்கள் பஸ்ஸில் தினமும் மீன்கார அம்மா ஒருவர் வருவார். காசிமேட்டில் மீன் எடுத்து மாத்தூரில் விற்பவர். பின்படிக்குப் பக்கத்தில் கூடையை வைத்து, அதன் அருகிலேயே உட்கார்ந்திருப்பார். நான் கோடாலியை வெளியே மாட்டிக்கொண்டு ஏறியதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு கூடையைச் சர்ரென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் விலகினார்கள். மீன் கூடையே என்னைக் கண்டு ஒதுங்குகிறதா என்று எனக்கு முகம் எரிந்தது. நானும் முறைத்துவிட்டு முன்பக்கம் போய்விட்டேன்.

அன்று மாலையே மறைக்கும் வேலையை ஆரம்பித்தேன். பையின் முதுகுப்பக்கத் தையலைப் பிரித்து, உள்ளே தார்ப்பாயில் ஒரு ரகசிய அறை தைத்தேன். கோடாலித் தலை அதற்குள் போகும். என் முதுகுக்கும் அதற்கும் நடுவே செருப்பு ரப்பர். காம்பு மட்டும் தோளுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பழைய குடையின் உறைத்துணியை மாட்டினேன். பார்க்கிறவனுக்கு, குடையோடு வேலைக்குப் போகிற பொறுப்பான பையன். ஆறு மாதம் அப்படியே போனேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை ஜெயிக்க ஆளில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம்தான் மேஸ்திரி என்னைத் துறைமுகத்துக்குள் வேலை செய்கிற குழுவில் சேர்க்கச் சிபாரிசு செய்தார். உள்ளே போனால் தினக்கூலி இல்லை, மாதச் சம்பளம். ஆனால் நுழைவதற்கு பாஸ் வேண்டும். பாஸுக்கு, என்மேல் வழக்கு எதுவும் இல்லை என்று போலீஸ் சான்றிதழ் வேண்டும். மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தேன். அந்தக் காகிதம் வருகிறவரை தெருச்சண்டையை வேடிக்கை பார்க்கக்கூட நிற்கவில்லை. அவ்வளவு பயம்.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. யார்டில் எல்லாக் கோடாலிகளையும் வரிசையாக வைத்து, சந்தனம் குழைத்துப் பூசி, அதன்மேல் குங்குமத்தை அள்ளி அப்பினார் மேஸ்திரி. மறுநாள் சம்பிரதாயத்துக்கு ஆளுக்கொரு கட்டையில் ஒரு போடு போட்டுவிட்டுக் கிளம்பினோம்.

"குங்குமத்த தொடைக்காத மாமு. வேல செய்யச் சொல்ல அதுவே போவணும்" என்றார் மேஸ்திரி.

எங்கள் வீட்டில் புத்தர் படம் மட்டும்தான். அம்மா கோடாலியைப் பார்த்துவிட்டு, "இத்த தொடச்சிட்டு எட்த்துகினு போடா" என்றாள். எனக்கும் அதில் நம்பிக்கை கிடையாது. ஆனால் எனக்காகச் சிபாரிசு செய்த மனிதர் சொன்னதை, அவர் பார்க்காத இடத்தில் மீற மனம் வரவில்லை. குங்குமத்தோடு அப்படியே உறைக்குள் செருகிவிட்டேன்.

மறுநாள் காலை ஐப்பசி மழை. குடை போலத் தெரிகிற ஒன்று என் தோளில் இருந்தது, குடை இல்லை. பஸ் ஸ்டாப்பிலேயே பையோடு ஊறிப்போனேன். கூட்டத்தில் இடித்துப் பிடித்து ஏறி நின்று இரண்டு ஸ்டாப் போயிருக்கும்.

"ஐயோ, ரத்தம்!" என்று பின்னால் ஒரு பெண் கத்தினாள்.

பைக்குக் கீழே என் வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பாம். எனக்கே தெரியவில்லை. "யாரோ குத்திட்டாங்கபா, உக்கார வை" என்று ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று நான் கெஞ்சக் கெஞ்ச, காயத்தைப் பார்க்க வேண்டும் என்று பையைக் கழற்றினார்கள். தார்ப்பாய் அறையிலிருந்து கோடாலி சிவக்கச் சிவக்க வெளியே வந்தது. இடம் கொடுத்தவர் கையை எடுத்துக்கொண்டார். கண்டக்டர் விசில் அடித்தார்.

மூலக்கடையில் ஏட்டு ஒருவர் ரெயின்கோட்டோடு நின்றுகொண்டிருந்தார். என்னையும் பையையும் இறக்கிவிட்டார்கள். பஸ் கிளம்பவில்லை. எல்லோரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள்.

அது குங்குமம் என்பது ஏட்டுக்கு முகர்ந்ததுமே தெரிந்துவிட்டது. யார்டு அடையாள அட்டையையும் காட்டினேன். ஆனால் அவர் பையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். ரகசிய அறையை விரலால் தடவினார். குடைத்துணியை உருவி என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"வேலைக்குப் போறவன் எதுக்குடா இப்படி ஒளிச்சு எடுத்துட்டுப் போற?"

உங்களுக்குப் பயந்துதான் சார் என்று சொல்ல முடியுமா? நான் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து தைத்த ஒவ்வொரு தையலும் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது.

"எந்த ஏரியா?"

சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே நோட்டை எடுத்தார்.

"சார், போர்ட் பாஸுக்கு சர்டிபிகேட் கேட்டு எய்திக் குட்த்துகீறேன் சார். பேர எய்திட்டீங்கன்னா அல்லாம் போச்சு சார்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. நடுரோட்டில், மழையில், பஸ் முழுக்கப் பார்க்க அழுதேன்.

அப்போது பின்படியில் தடாலென்று ஒரு சத்தம். மீன்கார அம்மா கூடையை இழுத்து ரோட்டில் இறக்கிக்கொண்டிருந்தார். மேலே மூடியிருந்த சாக்கை விலக்கி, அருவாமனையை எடுத்து ஏட்டின் காலடியில் வைத்தார்.

"ஏட்டய்யா, இத்தையும் எய்திக்கோ. தெனிக்கும் இதே பஸ்ல எட்த்துகினு போறேன். அவன் கோடாலியவிட இது பெருசு."

"நீ மீன் வெட்றவ, உன்ன எதுக்கும்மா எழுதணும்?"

"அவன் கட்ட வெட்றவன். ஆறு மாசமாப் பாக்குறேன். அதே பஸ்ஸு, அதே சோத்து டப்பா. முதுகுல கோடாலி கீதுன்னு எனக்கு அப்பவே தெரியும். அவனுக்கு மறைக்கத் தெரிஞ்சிகீது, எனக்குத் தெரியல. அதான வித்தியாசம்?"

ஏட்டு அருவாமனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். டிரைவர் ஹாரன் அடித்தார். ஏட்டு நோட்டை மூடி ரெயின்கோட்டுக்குள் செருகிக்கொண்டார். "போய்த் தொலைங்க" என்றார். குடைத்துணியை மட்டும் அவரே வைத்துக்கொண்டார்.

கூடையை ஏற்ற நான் ஒரு கை கொடுத்தேன். பஸ் நகர்ந்ததும் அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். கோபமாகத்தான் இருந்தார்.

"மொத நாளு வெளிய மாட்டிகினு வந்தியே, அன்னிக்கு உனக்கு எடம் வுடத்தான கூடைய இய்த்தேன்? நீ மொறைச்சிட்டுப் போன. கோடாலிய வெளியவே மாட்டு நைனா. எங்க கீதுன்னு தெரிஞ்சாத்தான நாங்க நவுந்து நிக்க முடியும்?"

எனக்கு வெட்கமாக இருந்தது. ஏட்டின் முன்னால் அழுததற்காக அல்ல. அந்த பஸ்ஸில் இருக்கிற எல்லோரும் என்னை ரவுடி என்று நினைக்கிறார்கள் என்று அவர்களைப் பற்றி நான் ஆறு மாதமாக நினைத்துக்கொண்டிருந்ததற்காக.

சான்றிதழ் அடுத்த மாதம் வந்தது. இவரது நடத்தை திருப்திகரமானது என்று அதில் ஒரு வரி இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்த அதிகாரி என்னை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பாஸ் கிடைத்தது, துறைமுகத்துக்குப் போகிற வேறு பஸ்ஸுக்கு மாறிவிட்டேன். என் நடத்தையைப் பார்த்த ஒரே ஆள் அன்று மழையில் கூடையைத் திறந்து போட்டுவிட்டு நின்றார். மாத்தூருக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்த அந்த மீன் அன்று விற்றதா இல்லையா என்று நான் மறுநாள்கூடக் கேட்கவில்லை.