துபாயில் பார்த்தால்தான் அனுபவமாம்

இன்று அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும் பஸ்ஸில் எங்கள் மலை ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டெல்லா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முகம் வாடியிருந்தது.

"என்ன கண்ணு?"

"லண்டன்ல வேலை கிடைச்சிருக்குதுங்கக்கா. ஆனா இந்த மலையில பார்த்த வருசமெல்லாம் சேராதாம். புதுசா படிச்சு வர்ற புள்ளைக்குக் குடுக்கற சம்பளந்தானாம். துபாய்ல ரெண்டு வருசம் பார்த்துட்டு வந்தா கூட்டிக் குடுப்பாங்களாம்."

"ஏங்கண்ணு, துபாய்க்காரனுக்கு நரம்பு கையில இல்லாம காதுலயா ஓடுது?"

அவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

போன மாதம் என் வீட்டுக்காரர் சாகக் கிடந்தபோது, வற்றிப்போன அந்தக் கையைத் தடவித் தடவி நரம்பைக் கண்டுபிடித்து ஊசி போட்டவள் இவள்தான். அது அனுபவத்தில் சேராதாம்.

"இன்னிக்குப் பதில் சொல்லோணுங்கக்கா. போகட்டுமா?"

"தாராளமாப் போ சாமி" என்றேன்.

வாய்தான் சொன்னது. மனசு, லண்டன், துபாய் இரண்டு ஊர்க்காரர்களும் இவளை வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று கொண்டை ஊசி வளைவு முழுக்க வேண்டிக்கொண்டே வந்தது.

அவளும் இந்தப் பதிவைப் படிப்பாள். நீங்கள் யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். திட்டுவதற்காவது வீட்டுப் பக்கம் வரட்டும்.