ஜீப்புக்கு ஒரு பொடி

முதலில் வந்தது தாகம். குரங்கணிக்கு மேலே, பனிமூட்டம் விலகாத எங்கள் ஏலத்தோட்டத்தில், ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்த கையோடு அடுத்த செம்பை மொண்டேன். சிறுநீரும் அதே வேகத்தில் போனது. சர்க்கரை என்று நினைத்தேன், இல்லை. அப்புறம் குமட்டல், மலச்சிக்கல், உட்கார்ந்தால் எழ மனமில்லாத அசதி. குழம்பில் உப்புப் போட்டேனா என்பதே மறந்துபோனது.

தேனியில் மருத்துவர் ரத்தப் பரிசோதனை செய்தார். கால்சியம் (சுண்ணாம்புச் சத்து) எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. கிரியாட்டினினும் (சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவு) கூடியிருந்தது.

"வைட்டமின் டி ஏதும் சாப்பிடுறீங்களாம்மா?"

"போடி ஆஸ்பத்திரியில முதுகுவலிக்குப் பொடி பாக்கெட்டு குடுத்தாக. வாரத்துக்கு ஒண்ணுன்னு எழுதுனாக."

பக்கத்தில் நின்ற என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். "வாரத்துக்கு ஒண்ணு இல்ல சார். ஜீப்புக்கு ஒண்ணு."

அவர் போடியில் கடையைப் பார்க்கிறார். நான் மலையில் தோட்டத்தைப் பார்க்கிறேன். சனிக்கிழமை ஜீப்பில் அரிசி, பால் பாக்கெட்டோடு ஒரு பொடியும் கொடுத்துவிடுவார். மலையில் எங்களுக்கு வாரம் என்பதே அந்த ஜீப்புதான். ஏலக்காய் எடுப்பு தொடங்கியதும் லோடு ஏற்ற ஜீப்பு தினமும் வந்தது. பழக்க தோஷத்தில் பொடியும் வந்தது. ஒருமுறை போனில் கேட்டேன்.

"சத்துப் பொடிதான புள்ள, கூடக் குடிச்சா என்ன? எடுப்பு நேரம், தெம்பு வேணும்ல," என்றார். எனக்கும் சரியென்றே பட்டது.

மிஞ்சிய வைட்டமின் டி சிறுநீரில் போய்விடாது, கொழுப்பில் தங்கி கால்சியத்தை ஏற்றிக்கொண்டே இருக்கும், அதுதான் கிட்னியைப் பாதிக்கிறது என்றார் மருத்துவர்.

"கிட்னி தேறுமா சார்?"

"தேறலாம். இப்பவே உறுதியா சொல்ல முடியாதும்மா."

நரம்பில் சலைன் ஏறியது. பாலும் தயிரும் நின்றன. கணவர் என் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் மேல் கோபம் வந்தது. ஆனால் கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

இதே நிலையில் இருப்பவர்களுக்குச் சொல்கிறேன்: பொடியை நிறுத்தியதும் எல்லாம் சரியாகிவிடாது. மாதக்கணக்காகும். என் கிரியாட்டினின் இறங்கியிருக்கிறது, பழைய இடத்துக்கு வரவில்லை. வரும் என்று யாரும் சொல்லவுமில்லை.

மறுபடியும் எடுப்பு தொடங்கிவிட்டது. என் உடம்பு இன்னும் போன எடுப்பிலேயே நிற்கிறது. ஜீப்புச் சத்தம் கேட்டாலே நாக்கு வறள்கிறது. இப்போது அவரே ஜீப்பில் ஏறி வருகிறார். பையை நீட்டுவார், ஆனால் பிடியை விடமாட்டார்.

"இன்னைக்கு என்ன கெழமை புள்ள?"

சொல்கிறேன். அப்புறம்தான் விடுகிறார். பையில் அரிசியும் பருப்பும்தான் இருக்கின்றன என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.